‘என்ன மேஜர்?’ என்று கேட்கிறவர்களுக்கு...



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழு நண்பர்கள் பத்து நாளாகத் துரத்துகிறார்கள். அம்மாவைப் பற்றிக் கவிதை ஏழு வந்துவிட்டதாம். நட்பைப் பற்றிப் பதினொன்று. காதலைப் பற்றி வந்ததை எண்ணவே இல்லையாம், துறைத்தலைவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் இன்னும் சில மாதத்தில் நம் எல்லார் தலையிலும் விழப்போகிற ஒரு கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். "டிப்ளமோ முடிச்சாச்சு... அடுத்து?"

இதற்கு நம்மிடம் ரெடியாக இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று, காரைக்குடி கவுன்சிலிங் வழியாக பி.இ. நேரடி இரண்டாம் வருடம். இன்னொன்று ஓசூர். சிப்காட்டில் ஏதாவது ஒரு கேட்டில் அப்ரண்டீஸ் கார்டு கிடைத்துவிட்டால் வீட்டில் பொங்கல் வைத்துவிடுவார்கள். இரண்டும் நல்ல பதில்தான், குறை சொல்லவில்லை. மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொன்னால்தான் சிரிக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே, எந்தத் துறையையும் மேஜர் என்று சொல்லாமல் படிக்கிற பி.ஏ.!

போன தீபாவளிக்கு மாமா வந்திருந்தார்.

"அடுத்து என்ன மாப்ளே?"

"வேலைக்குப் போய்க்கிட்டே பி.ஏ. படிக்கலாம்னு இருக்கேன் மாமா."

"மெக்கானிக்கல் படிச்சுட்டு பி.ஏ.வா? சரி, என்ன மேஜர்?"

"மேஜர்னு எதுவும் இல்ல மாமா. ஜெனரல்."

மாமா கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தார். "ஜெனரல்னா... பொம்மிடியில ஏறுவோமே, அந்த ஜெனரல் கம்பார்ட்மெண்ட் மாதிரியா?"

வீடே சிரித்தது. எப்போதும் என் பக்கம் நிற்கிற அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். மாமா படிக்கமாட்டார், நீங்களாவது படியுங்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். நம்மில் எத்தனை பேர் நம் பிராஞ்சை நாமே தேர்ந்தெடுத்தோம்? உங்களில் பாதிப் பேர் பத்தாவது முடித்து, பதினைந்து வயதில், மீசை முளைக்கும் முன்பே மெக்கானிக்கல் என்றும் சிவில் என்றும் பிரிக்கப்பட்டவர்கள். நான் +2 முடித்து நேராக இரண்டாம் வருடத்தில் வந்து உட்கார்ந்தவன். எனக்கும் அதே கதைதான். பிளஸ் ஒன்னில் ஃபர்ஸ்ட் குரூப் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார், சேர்ந்தேன். இங்கே மெக்கானிக்கல் என்று மார்க் சொன்னது, சேர்ந்தேன். லேத் எனக்குப் பிடிக்கும். டர்னிங் செய்யும்போது நீல நிறத்தில் சுருண்டு விழுகிற சிப்ஸைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் மனிதனுக்கு லேத் மட்டும்தானா தோன்றும்? எங்கள் கொல்லைக்குப் போகிற வழியில் வரப்போரம் ஒரு நடுகல் இருக்கிறது. கையில் வாளோடு ஓர் ஆள். வருடத்துக்கு ஒருமுறை மஞ்சள் தடவிப் பொங்கல் வைப்போம். அவர் யார், எந்த மாட்டை மீட்கச் செத்தார், எழுத்து ஏன் அப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தருமபுரி அருங்காட்சியகத்தில் இதே மாதிரிக் கற்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தபோதுதான், 'அட, இதைப் படிப்பதற்கு என்றே ஒரு படிப்பு இருக்கிறதே' என்று தோன்றியது. ஃபர்ஸ்ட் குரூப்காரனுக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி கல்லில் இல்லை, கிழங்கில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இரண்டரை ஏக்கர் குச்சிக்கிழங்கு. பாப்பிரெட்டிப்பட்டி சுற்றுவட்டாரத்தில் இது எத்தனை வீட்டுக் கதை என்று உங்களுக்கே தெரியும். கிழங்கை டிராக்டரில் ஏற்றி சேகோ மில்லுக்குக் கொண்டுபோனால், மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து விலை போடுகிறார்கள். பாயிண்ட் இறங்கினால் விலை இறங்கும். அப்பா பத்து மாதம் வளர்த்ததை ஐந்து நிமிடத்தில் ஒரு எண் தீர்மானித்துவிடும். சரி, இந்தப் பிரச்சனைக்கு என்ன மேஜர்? பாயிண்ட் பார்க்கிற கருவி பௌதிகம். சேலத்தில் சேகோசர்வ் என்று கூட்டுறவுச் சங்கம் 1981-ல் வந்தது, அது யாருக்காக வந்தது, கிழங்கு போடுகிறவனுக்கா மில் வைத்திருக்கிறவனுக்கா என்று கேட்டால் அது பொருளாதாரம், கொஞ்சம் அரசியல். வாணியாறு அணையில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்பது சிவில்காரர்கள் விஷயம் என்று நினைத்தால், அது பாதி நிர்வாகம்.

அப்புறம் மாவுப்பூச்சி வந்தது. 2020-ல் கேரளத்தில் முதலில் கண்டுபிடித்தார்கள், பிறகு நம் பக்கம் காட்டையே சுருட்டியது. என்ன மருந்து அடித்தும் கேட்கவில்லை. கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் என்ற நாட்டிலிருந்து ஒரு சின்னக் குளவியை வரவழைத்தார்கள். அனாகைரஸ் லோபெசி என்று பெயர். 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அதை விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதைத் தின்று வளர்கிற குளவி! ஆப்பிரிக்காவுக்கு மட்டும் அது எப்படிப் போனது? கிழங்கும் பூச்சியும் குளவியும் மூன்றுமே தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. கிழங்கு கப்பலில் முந்தி வந்துவிட்டது, பூச்சி பிந்தி வந்தது. 1980களில் ஆப்பிரிக்காவே இந்தப் பூச்சியால் பட்டினி கிடக்க இருந்தபோது பராகுவேயிலிருந்து குளவியைத் தேடிக்கொண்டு போனார்கள். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரென் என்ற சுவிஸ் நாட்டுக்காரருக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். இதைத் தேடிப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கொல்லையில் நிற்கிற செடிக்குள் இத்தனை சரித்திரமா! இது விலங்கியலா, வரலாறா, பூகோளமா? குச்சிக்கிழங்கு நம்மிடம் மேஜர் கேட்பதில்லை நண்பர்களே.

இப்படி எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கவிடுகிற பட்டம் உலகத்தில் உண்டா என்றால், உண்டு. பிரிட்டனில் 1969-ல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள், 1971-ல் பாடம் ஆரம்பித்தது. ஃபேக்டரிக்காரர்களும் வீட்டிலிருந்த பெண்களும் தபாலில் படித்தார்கள். ஆரம்பத்தில் அங்கே வரலாற்றுப் பட்டம், கணிதப் பட்டம் என்று தனித்தனியாகக் கிடையாது, வெறும் பி.ஏ. மட்டும்தான். நம் நாட்டில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-ல் ஆந்திராவில் வந்தது. அதன் முதல் துணைவேந்தர் ராம் ரெட்டிதான் 1985-ல் பாராளுமன்றச் சட்டத்தால் உண்டான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும், அதாவது இக்னோவுக்கும், முதல் துணைவேந்தர்.

இக்னோவில் பல வருடம் ஓடிய பழைய பி.ஏ. முறையைத்தான் நான் மெச்சுகிறேன். மொத்தம் 96 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் முப்பது மணி நேரப் படிப்பு. 24 கிரெடிட் அடிப்படைப் பாடம், பி.ஏ. படிக்கிறவனும் அறிவியல் தொழில்நுட்பம் படிக்கணும், பி.எஸ்ஸி. படிக்கிறவனும் சமூக அறிவியல், மனிதவியல் படிக்கணும். தப்பிக்க முடியாது! மிச்சத்தில் பெரும்பகுதி விருப்பப் பாடம். வரலாறு, பொருளாதாரம், அரசியல், பொது நிர்வாகம், சமூகவியல், தத்துவம், கணிதம் என்று எடுத்துக்கொள்ளலாம். இது போக கைக்குதவுகிற பாடமாக எட்டோ பதினாறோ கிரெடிட். ஊட்டச்சத்து, ஏற்றுமதி நடைமுறை, தொடக்கப்பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பது என்றெல்லாம் அதில் இருந்தது. ஒரே துறையில் போதுமான கிரெடிட் சேர்த்தால் மேஜர் என்று போடுவார்கள். சேர்க்காவிட்டால்? பட்டம் பட்டம்தான், மேஜர் இல்லாத பி.ஏ. மூன்று வருடத்திலும் முடிக்கலாம், ஆறு வருடம் வரை இழுக்கலாம்.

2019-ல் அந்த முறை போய் 132 கிரெடிட் பி.ஏ. ஜெனரல் வந்தது. அதில் இரண்டு துறைகளை எடுத்துச் சமமாகப் படிக்கவேண்டும். அதற்குப் பிறகு நான்கு வருடத் திட்டமும் அதில் மல்டிடிசிப்ளினரி என்ற பெயரும் வந்திருக்கின்றன, மூன்று வருடத்தில் பட்டத்தோடு வெளியே வரவும் வழி உண்டு. பெயரும் கணக்கும் மாறிக்கொண்டே இருக்கும், சேருகிற வருடத்துப் ப்ராஸ்பெக்டஸை வரி விடாமல் படிக்கணும். தேசியக் கல்விக் கொள்கை 2020 சரியா தப்பா, தமிழ்நாடு ஏன் 2022-ல் நீதிபதி முருகேசன் தலைமையில் தனிக் குழு போட்டது என்ற சண்டைக்குள் நான் இப்போது போகவில்லை. அதற்குத் தனி மலர் வேண்டும்.

இதெல்லாம் டெல்லிக்காரன் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் போதும். பெங்களூர்ப் பக்கம் பி.சி.எம். என்று சொல்லி வெகுகாலம் பி.எஸ்ஸி. படித்தார்கள். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் ஒரே எடை. பி.ஏ.வில் எச்.இ.பி. என்றால் வரலாறு, பொருளாதாரம், அரசியல். அங்கே போய் 'என்ன மேஜர்?' என்று கேட்டால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மேஜர், அதற்குத் துணையாக அலைடு என்பது நம் தமிழ்நாட்டுப் பழக்கம். பழக்கத்தை நாம் சட்டம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஹாஸ்டல் நண்பன் ஒருவன் இதற்கு மறுப்பு வைத்திருக்கிறான். "டேய், இது நுனிப்புல் மேயுற வேலைடா. எதுலயும் ஆழம் இருக்காது. இன்டர்வியூவுல கேட்டா முழிப்ப." அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் கதையைச் சொல்கிறேன்.

அவர் +2, டிப்ளமோ முடித்து ஓசூரில் ஷிஃப்ட் வேலை. 2011-ல் இக்னோவில் சேர்ந்தார். சி ஷிஃப்ட் முடித்துக் காலையில் ரூமுக்கு வந்து, தூங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் படிப்பாராம். அசைன்மெண்ட் எல்லாம் கையாலேயே எழுதணும், அதற்கு முப்பது சதவீத மார்க். ஜூனிலும் டிசம்பரிலும் பரீட்சை. லீவு கிடைக்காமல் மூன்று தடவை பரீட்சையை விட்டிருக்கிறார். ஐந்தரை வருடத்தில் முடித்தார். "சம்பளம் ஒரு ரூபா ஏறலடா தம்பி" என்றார். குரூப் 2 மூன்று முறை எழுதினார், கிடைக்கவில்லை. பிறகு என்னதான் பிரயோஜனம் என்று கேட்டேன். "என் பொண்ணு எந்தப் புக்கைத் திறந்தாலும் பக்கத்துல உக்கார முடியுது" என்றார். அதோடு விட்டிருந்தால் நான் இதைப் பெரிய வெற்றிக்கதையாக எழுதியிருப்பேன். ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார். முதல் வருடம் எந்தப் புத்தகம் மெல்லிசாக இருக்கிறதோ அந்தப் பாடத்தை எடுத்தாராம்! அடுத்த வருடம் ரூம்மேட் எடுத்ததை எடுத்தாராம். "எனக்குன்னு ஒரு கேள்வி வச்சுக்கிட்டு எடுத்திருக்கணும். கடையில கண்டதையெல்லாம் பையில போட்டுக்கிட்டு வந்த மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

எனவே என் நண்பனுக்கு என் பதில் இதுதான். மேஜர் இல்லாதது தப்பில்லை. கேள்வி இல்லாததுதான் தப்பு. எங்கள் கிழங்குக்கு விலை வைக்கிறது யார் என்ற ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பொருளாதாரமும் வரலாறும் நிர்வாகமும் படிக்கிறவன் நுனிப்புல் மேயவில்லை, ஒரே இடத்தில் மூன்று பக்கமிருந்து தோண்டுகிறான். ஆழம் வேண்டும் என்பவர்களுக்கு நம் டிப்ளமோவே இருக்கிறதே! ஒரு துறையை ஏற்கனவே கையால் தொட்டுப் படித்த நாம்தான் இந்த மாதிரிப் பட்டத்துக்குப் பொருத்தமானவர்கள் என்பேன். பாக்கி உலகமே தெரியாமல் மெக்கானிக்கல் மேல் இன்னும் மூன்று வருடம் மெக்கானிக்கல் வைப்பதைவிட...

உணர்ச்சிவசப்பட்டு யாரும் நாளைக்கே சேர்ந்துவிட வேண்டாம். சில விஷயங்களைக் கண் திறந்து பார்க்கணும். வாத்தியார் வேலைதான் கனவு என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள், பி.எட்.டுக்கும் பட்டதாரி ஆசிரியர் வேலைக்கும் இங்கே மேஜர்தான் பேசும். பத்தாவதும் +2வும் படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக வாங்கிய பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஆகாது என்று 2009-ல் அரசாணையே வந்திருக்கிறது. +2 முடித்து டிப்ளமோ வந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பத்தாவதோடு வந்தவர்கள், டிப்ளமோவை +2க்கு இணையாக எடுத்துக்கொள்வார்களா என்பதைப் பல்கலைக்கழகத்திடமும், எழுதப்போகிற தேர்வின் அறிவிக்கையிலும் இரண்டு இடத்திலும் பார்த்துவிட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு சேருங்கள். வாய்வார்த்தையாகப் புரோக்கர் சொல்வதை நம்பவேண்டாம். பல்கலைக்கழக மானியக்குழுவின் தொலைநிலைக் கல்வி அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதும் முக்கியம். முக்கியமாக, வீட்டிலிருந்தே அஞ்சல் வழியில் பி.இ. வாங்கித் தருகிறோம் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்த மாதிரிப் பொறியியல் பட்டங்கள் விஷயத்தில் என்ன செய்தது என்று நம் துறை ஆசிரியர்களைக் கேட்டாலே சொல்வார்கள். பி.ஏ. கதை வேறு. முறைப்படி வாங்கிய எந்தப் பட்டமும் குரூப் 1, குரூப் 2, பேங்க் ஆபீசர் தேர்வு வாசலில் பட்டம்தான். அங்கே 'என்ன மேஜர்' என்று கேட்பதில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. இக்னோ புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். தமிழில் படித்து வந்த நம் பிள்ளைகள் முதல் பாக்கெட்டைப் பிரித்ததும் அப்படியே மூடிவிடுகிறார்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் சட்டமாகி வந்தது, தமிழில் நடத்துகிறது, கட்டணமும் தாங்கும். ஆனால் அங்கே பி.ஏ. என்றால் வரலாறு, பொருளாதாரம் என்று துறையைச் சொல்லித்தான் சேரணும். தமிழில் படிக்கணும் என்றால் மேஜர் சொல், மேஜர் வேண்டாம் என்றால் இங்கிலீஷில் படி! இது என்ன நியாயம்? டிப்ளமோ முடித்ததும் 'போதும்மா' என்று வீட்டில் நிறுத்தப்படுகிற நம் கூடப் படிக்கிற பெண்களை நினைத்துப் பாருங்கள். பஸ் ஏற விடமாட்டார்கள், பாக்கெட்டில் புத்தகம் வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கிற நண்பர்களுக்கும் இதே கதைதான். நம் மாணவர் பேரவை வருடா வருடம் கேன்டீன் டீயைப் பற்றித் தீர்மானம் போடுகிறது. (டீ மாறியபாடில்லை.) இந்த வருடம் ஒரு தீர்மானம் இதற்கும் போடலாம். தமிழில், தவணை தவணையாகப் படிக்கிற மாதிரி, துறை வேலி இல்லாத ஒரு பட்டம் வேண்டும் என்று உயர்கல்வித் துறைக்கு எழுதலாம். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

மாமாவின் ஜெனரல் கம்பார்ட்மெண்டுக்கு வருகிறேன். பொம்மிடியில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். ரிசர்வேஷனில் போகிறவர் ஏறியதும் தூங்கிவிடுகிறார். ஜெனரலில் கிழங்கு வியாபாரி, கட்டட வேலைக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டி என்று எல்லார் கதையும் கேட்டுக்கொண்டே போகலாம். நின்றுகொண்டே போகணும் என்பதும் வாஸ்தவம்தான். கால் வலிக்கும்.

போன வாரம் நோட்டில் இரண்டு துறைகளை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பம் இப்போதெல்லாம் ஆன்லைனில்தான், பிரவுசிங் சென்டருக்குப் போவதற்கு முன் மனசைத் திடப்படுத்திக்கொள்ள ஒரு ஒத்திகை. அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா, பென்சில்ல எழுதியிருக்க?"

"அழிச்சு மாத்திக்கலாம்ல, அதான்ப்பா."

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இன்னும் பி.இ. ஆசையை விடவில்லை, எனக்குத் தெரியும். அதற்காக ஒரு சீட்டுகூடக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"இதுல குச்சிக்கிழங்கு எதுலடா வருது?"

"எகனாமிக்ஸ்ல கொஞ்சம், ஹிஸ்டரில கொஞ்சம்."

"ஒண்ணுலயே முழுசா வராதா?"

"வராதுப்பா."

"ம்..." என்றார். த்ரீ பேஸ் கரண்ட் வருகிற நேரம். டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் போடக் கிளம்பிவிட்டார்.

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை